கூரையிற் பிறந்த ஒரு சொல்

அச்சரப்பாக்கத்தாருக்குச் சொல்லாராய்ச்சி புதிதன்று. ஊர்ப்பெயரிலேயே அது தொடங்கிவிடுகிறது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இவ்விடத்தில் இற்றுப்போயிற்று என்றும், அதனால் இது 'அச்சு இறு பாக்கம்' ஆயிற்று என்றும் ஆட்சீசுவரர் கோயில் தலபுராணம் கூறும். அச்சிறுபாக்கம் என்று எழுதுவோர் ஒருபுறம், அச்சரப்பாக்கம் என்று எழுதுவோர் மறுபுறம். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து இதனை வழக்காடுவோரை நாமே கண்டிருக்கிறோம். மழை மலை மாதா திருத்தலத்திற்கு வரும் திருப்பயணிகள் கூட, மலையேறி இறங்கியபின் முதலில் கேட்பது ஊர்ப்பெயரின் காரணத்தைத்தான்.

ஆகவே, சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாலை, மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலக் குறிப்பேட்டுடன் நம் அறை வாயிலில் வந்து நின்றபோது நாம் வியப்படையவில்லை.

"ஃபாதர், 'சேவ்' என்றாலும் காப்பாற்று, 'கார்டு' என்றாலும் காப்பாற்று, 'புரொடெக்ட்' என்றாலும் காப்பாற்று என்று டீச்சர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே அர்த்தம் என்றால் மூன்று வார்த்தை எதற்கு?"

நியாயமான கேள்வி. குருமடத்தில் இலத்தீன் படித்தவர் என்று நமக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. உண்மை என்னவெனில், நாம் குருமடம் புகுந்த நாளில் இலத்தீன் மூட்டை முடிச்சுகளுடன் விடைபெற்றுக்கொண்டிருந்தது. முதிய பேராசிரியர் ஒருவர் மட்டும் அதனை வாசற்படியிலேயே மறித்து நிறுத்தி, எங்களுக்கு விடாப்பிடியாகப் புகட்டினார். அவர் புண்ணியத்தில் அம்மாணவிக்கு அன்று விடை சொல்ல முடிந்தது. அன்று சொன்னவற்றோடு, பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்து வாசகர்கள் முன் வைக்கிறோம்.

'சேவ்' என்பதற்கு அடி இலத்தீன் 'சால்வுஸ்'. ஊனமின்றி முழுமையாய் இருப்பது என்பது அதன் பொருள். கிணற்றில் விழுந்தவனைக் கயிறு வீசி உயிருடன் மேலே கொணர்ந்தால் அது 'சேவ்'. ஆபத்து நேர்ந்துவிட்டது; அதிலிருந்து மீட்டாயிற்று. நம் மீட்பரை இலத்தீனில் 'சல்வாத்தோர்' என்பது இதனாலேதான். 'கார்டு' என்பதோ பழைய ஜெர்மானியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல். அதன் அடியில் இருப்பது கண். விழித்திருந்து பார்ப்பவன் 'கார்டு'.

'புரொடெக்ட்' இவ்விரண்டும் அன்று. 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இச்சொல், 'புரோ' என்னும் முன்னொட்டும் 'தெகெரே' என்னும் வினையும் கூடிப் பிறந்தது. எம் பேராசிரியர் திருச்சபை வழக்கப்படி 'தேஜெரே' என்பார். பழைய உரோமானியர் 'தெகெரே' என்றே ஒலித்தனர். 'தெகெரே' என்றால் மூடுதல், வேய்தல். 'புரோ' என்றால் முன்னால். ஆகவே 'புரொடெக்ட்' என்பது முன்னால் மூடுதல்: வருகின்ற வெயிலுக்கும் மழைக்கும் அம்புக்கும், ஒளிந்திருக்கிற உயிருக்கும் இடையே ஒன்றைக் கொண்டுபோய் வைத்தல். ஆபத்து இன்னும் நேரவில்லை. ஆனால் வரும் என்று தெரியும். ஐப்பசி மழைக்குப் புரட்டாசியிலேயே கூரையைச் சரிசெய்கிறானே குடியானவன், அவன் செய்வதே சொல்லுக்குச் சொல் 'புரொடெக்ட்'.

கூரை என்று நாம் உவமைக்காகச் சொல்லவில்லை. அவ்வினையின் குடும்பமே கூரையின் கீழ்க் குடியிருக்கும் குடும்பம். இலத்தீனில் கூரைக்குப் பெயர் 'தெக்தும்'. ஓட்டிற்குப் பெயர் 'தேகுலா'. ஆங்கிலத்தின் 'டைல்' அதன் பேரப்பிள்ளை. உரோமானியர் உடலைச் சுற்றிப் போர்த்திய 'தோகா'வும் இவ்வீட்டுப் பிள்ளையே. கீற்றும் வைக்கோலும் கொண்டு வேய்வதை ஆங்கிலேயர் 'தாட்ச்' என்கிறார்களே, அது இலத்தீனிலிருந்து கடன் வாங்கியதன்று. இரு மொழிகளுக்கும் பொதுவான பாட்டி ஒருத்தியிடமிருந்து நேரே வந்தது. கப்பலின் மேல்தளமாகிய 'டெக்' டச்சுக்காரர் கொடுத்தது. கப்பலின் வயிற்றை மூடும் பலகைக் கூரை அது. ஜெர்மானியர் இன்றும் கூரையை 'தாஹ்' என்பர். கிரேக்கத்தில் 'ஸ்தெகே' என்றால் கூரை. திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் சொல்லும் நூற்றுவர் தலைவனின் வேண்டுதலில், தமிழில் 'இல்லம்' என்று வருமிடத்தில், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'கூரை' என்றே இருக்கிறது. அவன் ஆண்டவரைத் தன் கூரையின் கீழ் வரவேண்டாமென்று தடுத்தான்.

மாணவி இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டாள். நாம் இங்கே நிறுத்தியிருந்தால் ஆங்கில வகுப்பிற்கு அதுவே போதும். ஆயினும் அவ்வேளையில் நம் இல்லத்தின் பின்புறத்தில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது.

திருவிழா நாட்களில் அன்னதானம் நடக்கும் கொட்டகையின் கூரை இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. அதனை மாற்ற வந்திருந்த பெரியவர் மேலே ஏறிப் பழங்கீற்றுகளைப் பிரித்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். பணச்சிக்கனம் கருதி நாம் ஒரு யோசனை சொன்னோம்: பழையதைப் பிரிப்பானேன், அதன் மேலேயே புதுக்கீற்றைப் போட்டுக் கட்டிவிட்டால் என்ன? பெரியவர் மேலிருந்தே நம்மைப் பார்த்தார். பங்குச் சாமியாரை அறிவிலி என்று சொல்ல மனமில்லாதவர் பார்க்கும் பார்வை அது.

"மேலே பார்க்க நல்லாத்தான் இருக்கும் சாமி. உள்ளே மக்கிக்கிட்டே போகும். வரிச்சையும் சேர்த்துத் தின்னுடும். ஒருநாள் மொத்தமா இறங்கும்."

பிரித்தே போடச் சொன்னோம்.

இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் பனை நிறைந்த கரைகள் பல. பனையோலையால் வேய்ந்த கூரை பல ஆண்டு தாங்கும்; தென்னங்கீற்று அத்தனை நாள் தாங்காது. மோட்டுவளையும் கைமரமும் வரிச்சும் அறியாத பிள்ளை முன்பு கிராமத்தில் இல்லை. கடலோரத்தில் மீனவர் பழைய வலையைக் கூரைமேல் விரித்துக் கட்டுவர். புயற்காற்று கீற்றைக் கிளப்பாதிருக்க அது உதவும். மீனைப் பிடித்த வலை முதுமையில் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது.

கூரையின் பெருமையை அறிய விரும்புவோர் மாமல்லபுரத்திற்குச் செல்க. ஐந்து இரதங்களென்று வழங்கும் ஒற்றைக் கற்கோயில்களுள் மிகச் சிறியது திரௌபதி இரதம். (பாண்டவர்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, பெயர் பிற்காலத்தார் இட்டது.) 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அதனை எவ்வடிவில் செதுக்கினான்? அரண்மனையாக அன்று, ஓலை வேய்ந்த ஒரு குடிசையாக. நான்குபுறமும் வளைந்திறங்கும் கூரையைக் கருங்கல்லில் அப்படியே வடித்துவிட்டான். உள்ளே கொற்றவை. வாயிலின் இருபுறமும் காவற்பெண்கள். மேலே கூரை மூடுகிறது. வாசலில் கண்கள் விழித்திருக்கின்றன. நாம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்குச் செல்லும்போதெல்லாம் பெரிய இரதங்களை விரைந்து கடந்து இதன் முன் நின்றுவிடுவது வழக்கம்.

ஏனெனில், மொழிகளின் வேறுபாடே அவ்வாயிலில் நிற்கிறது. இலத்தீன்காரன் காக்க நினைத்தால் மூடுகிறான். தமிழன் காக்க நினைத்தால் விழித்திருக்கிறான். 'காத்தல்' என்பதில் மூடுதற்பொருள் சிறிதும் இல்லை. தினைப்புனம் காத்தாள் என்றால், தினையைப் போர்த்தி வைத்தாள் என்பதா பொருள்? பரண்மேல் அமர்ந்து கிளியைப் பார்த்திருந்தாள் என்பதே. 'காத்திருந்தான்' என்று சொல்லும்போது எதிர்பார்த்திருத்தலும் அதே சொல்லுக்குள் வந்துவிடுகிறது. காவல், காவற்காரன், காவலூர் எல்லாம் கண்ணோடு பிறந்த சொற்கள். இத்தாலியில் பிறந்து இலத்தீனில் ஊறிய வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோயில் எடுத்து, அவ்வூரைத் 'திருக்காவலூர்' என்று பாடியபோது, இலத்தீனின் கூரையைக் கீழே வைத்துவிட்டுத் தமிழின் கண்ணை எடுத்துக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றும். ஆகவே 'புரொடெக்ட்' என்பதைப் 'பாதுகாத்தல்' என்று பெயர்த்தால் பிழையில்லை. ஆனால் கூரை போய்க் கண் வந்துவிடுகிறது என்பதை அறிந்தே பெயர்க்க வேண்டும்.

மூடுதலில் ஓர் இடர் உண்டு. மூடியதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. கூரையே கொல்லவும் கூடும்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைத்த கொட்டகையில் பற்றிய தீ, மாடியில் வகுப்பறைகளின் மேலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெயிலுக்காகப் போட்ட கூரை எரிந்து பிள்ளைகளின் மேலேயே விழுந்தது. ஒடுங்கிய படிக்கட்டில் இறங்க வழியில்லை. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அவை அகற்றப்படுவதைப் பார்த்தபோது, இது அபாயம் என்று அறிந்திருந்தும் எத்தனை பள்ளிகளில் எத்தனை பெரியவர்கள், நாம் உட்பட, அண்ணாந்து பார்க்காமலே இருந்தோம் என்ற எண்ணம் எழாதவர் யார்? கூரை இருந்தது, கண் இல்லை.

இங்கே அச்சொல்லின் மற்றொரு கிளையைச் சொல்லியாக வேண்டும். 'தெகெரே'யின் உறவு வடமொழியிலும் உண்டு. அங்கே 'ஸ்தக' என்னும் வினைக்கு மூடுதல், மறைத்தல் என்பன பொருள். அதனின்று 'ஸ்தகன்', அதாவது வஞ்சகன், பிறந்தான். அவன் இந்தியில் 'டக்' ஆனான். வழிப்போக்கருடன் நட்பாய்ப் பேசிச் சென்று, ஆளில்லாத இடத்தில் கழுத்தை நெரித்துக் கொன்ற கொள்ளைக் கூட்டத்தாருக்கு அப்பெயர் வழங்கிற்று. 1830களில் கும்பினியார் அவர்களை வேட்டையாடிய காலத்தில் அது ஆங்கிலத்தில் நன்கு பரவி 'தக்' என்று நிலைத்தது. இன்று எந்த முரடனையும் ஆங்கிலேயர் அவ்வாறு அழைக்கின்றனர். காப்பவனுக்கும் கழுத்தை நெரிப்பவனுக்கும் ஒரே வேர். இருவர் தொழிலும் மூடுதலே. ஒருவன் ஆளை மூடுகிறான்; மற்றவன் தன் எண்ணத்தை மூடுகிறான்.

இன்னுமொரு பிள்ளை 'டிடெக்ட்'. 'தே' என்றால் இங்கே நீக்குதல். மூடியதை நீக்குவது 'டிடெக்ட்'. துப்பறிவோனாகிய 'டிடெக்டிவ்' சொல்லளவில் கூரையைப் பிரிப்பவன். தமிழிலும் இப்படியொரு பொருத்தம் இருக்கக் கண்டு மகிழ்ந்தோம். 'வேய்' என்றால் மூடுதல், கூரையிடுதல். அதே 'வேய்' என்பதற்கு ஒற்றறிதல் என்றும் பொருள் உண்டு. தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறைகளுள், பகைவர் நிலையை ஒற்றரால் அறிதலுக்கு 'வேய்' என்றே பெயர். நம் அகராதிகளில் மூடுவோனும் துப்பறிவோனும் ஒரே சொல்லின் கீழ் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள்.

'புரொடெக்ட்' என்னும் சொல்லையே பட்டமாகத் தாங்கிய பதவியொன்றும் இருந்தது. நம் சென்னைக் கடற்கரையோடு தொடர்புடைய கதை அது. 1860 நவம்பர் 16 அன்று 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். செங்கற்பட்டு ஜில்லாவினரும் அவர்களுள் உண்டு. முதலில் சென்றோர் ஒப்பந்தம் முடிந்து 1871இல் திரும்பிவந்து, அடியையும் கூலிப் பிடித்தத்தையும் சென்னையில் முறையிட்டனர். இந்திய அரசாங்கம் மேற்கொண்டு ஆளனுப்ப மறுத்தது. நேட்டாலில் 1872இல் விசாரணைக் குழு அமர்ந்தது. அதன் விளைவாக 'இந்தியக் குடியேறிகளின் புரொடெக்டர்' என்றொரு அதிகாரி நியமிக்கப்பட்டார். 1874இல் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன.

இவ்வரிசையை வாசகர்கள் ஊன்றி நோக்குக. முறையீடு, மறுப்பு, பதவி, மீண்டும் கப்பல். தோட்டத்தில் அடிபட்டவன் அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தைவிட்டு வெளியேறுவதே அங்குக் குற்றமாயிருந்தது. அப்படியிருக்க, எங்கோ நகரத்தில் அமர்ந்திருந்த காப்பாளரிடம் அவன் சென்று சேர்வது எங்ஙனம்? அதிகாரிகளுள் நல்லவரும் இருந்திருக்கலாம்; நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பதவி உண்டானதால் முதலில் நிழல் பெற்றது கூலியின் முதுகன்று, ஆளெடுக்கும் தொழிலே. கூரை போட்டார்கள், யார் தலைக்கு மேலே என்பதுதான் கேள்வி.

வரலாற்றில் பிறர் செய்ததை எழுதுவது எளிது. நாம் செய்ததையும் எழுதினாலன்றி இப்பத்தி முழுமையாகாது.

நாம் இளங்குருவாய் இருந்த காலம். இவ்வூரன்று, ஊரையும் பள்ளியையும் குறிப்பிடப் போவதில்லை. பங்குனி வெயிலில் ஒரு சிறுவன் முழுக்கைச் சட்டை அணிந்து பூசைக்கு உதவ வந்தான். பத்து வயதிருக்கும். மெழுகுதிரி ஏற்றக் கை தூக்கியபோது சட்டைக் கை வழுக்கி இறங்க, முழங்கைவரை பிரம்பின் தழும்புகள் வரிவரியாய்த் தெரிந்தன. ஆசிரியர் அடித்திருக்கிறார். தகப்பனார் கண்டால் பள்ளிக்கே போய்ச் சண்டையிடுவார் என்று அஞ்சித் தாயார் முழுக்கைச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார். அவன் அண்ணன் சட்டை போலும். மணிக்கட்டுக்கும் கீழே தொங்கிற்று.

விசாரித்தோம். அடித்தவர் கோபக்காரர் என்றாலும் கெட்டிக்காரர், தேர்ச்சி விகிதம் அவரால் உயர்ந்தது என்றார்கள். பள்ளியின் பெயர் கெடும் என்றார்கள். பங்கின் பெரியவர் ஒருவர், அன்பு பாவங்களை மூடும் என்று புனித இராயப்பர் தம் நிருபத்தில் எழுதவில்லையா என்று நம்மிடமே விவிலியத்தை எடுத்துக்காட்டினார். நாமும் தலையசைத்தோம். ஆசிரியரைத் தனியே அழைத்து மெதுவாகச் சொல்வது என்று முடிவாயிற்று, சொல்லப்பட்டது. தகப்பனாருக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த ஆனி மாதம் பள்ளி திறந்தபோது அச்சிறுவன் வரவில்லை. எங்கோ கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

அப்பெரியவர் காட்டிய இடத்திற்குப் பதிலாக இன்னோர் இடம் உண்டு என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் அன்பின் செயல்களை அடுக்கும்போது 'ஸ்தெகேய்' என்றொரு வினையை ஆள்கிறார். கூரையாகிய 'ஸ்தெகே'யிலிருந்து வந்த வினை, 'தெகெரே'யின் உடன்பிறப்பு. தமிழில் அதனைப் 'பொறுத்துக்கொள்ளும்' என்று பெயர்த்திருக்கிறோம். தவறில்லை, அச்சொல்லுக்குத் தாங்குதல், பொறுத்தல் என்றும் பொருள் உண்டு. ஆங்கிலப் பெயர்ப்புகளுள் ஒன்றோ அவ்விடத்தில் 'புரொடெக்ட்' என்றே எழுதுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'பொறுத்துக்கொள்' என்று அடிபட்ட சிறுவனிடம் சொல்வது ஒன்று. அவன் முன்னால் கூரையாய் நிற்பது மற்றொன்று. நாம் முன்னதைச் செய்துவிட்டு அதற்கு அன்பென்று பெயரிட்டோம்.

புனித மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் அதே கூரை மீண்டும் வருகிறது. திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர், கூட்டத்தால் உள்ளே நுழைய இயலாமல் மேலே ஏறுகின்றனர். கிரேக்கத்தில் மாற்கு எழுதுவது வேடிக்கையாய் ஒலிக்கும்: 'கூரையைக் கூரை நீக்கினார்கள்' என்பது போன்ற தொடர். மண்ணும் கழியும் இட்டு மெழுகிய பாலஸ்தீன நாட்டுக் கூரை. தோண்டித் துளையிட்டார்கள் என்கிறார். லூக்காஸ் நகரத்து வாசகருக்கு எழுதியவராகையால் ஓடுகளைப் பிரித்ததாக எழுதுகிறார். இலத்தீனில் அவ்விடத்தில் வருவது நமது 'தேகுலா'வே. வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று இருவரும் எழுதவில்லை. தலையில் மண் விழுந்தவர்கள் முணுமுணுத்திருப்பார்கள் என்பது உறுதி. கிடந்தவனுக்கு அன்று தேவைப்பட்டது கூரையன்று, கூரையில் ஒரு துளை.

இப்போது சட்டமும் இதையே கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தன் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலிருக்கும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது 'போக்சோ', தன் பெயரிலேயே நாம் ஆராயும் சொல்லைத் தாங்கியுள்ளது. அதன் முதலெழுத்தே 'புரொடெக்‌ஷன்'. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு குற்றத்தை அறிந்த எவரையும் காவல் துறையிடம் தெரிவிக்கக் கடமைப்படுத்துகிறது. தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு; நிறுவனத் தலைவராயிருப்பின் ஓராண்டு வரை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்டு 2023இல் நிலையாக்கிய சட்டமும், இத்தகைய குற்றத்தைக் குருக்களும் துறவியரும் மேலிடத்திற்கு அறிவிக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. திருச்சபையின் பெயருக்காக மூடிவைக்கப்பட்டவை பல நாடுகளில் கூரையோடு இறங்கிய பின்னரே அக்கட்டளை வந்தது. அதனை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நம் பங்கில் அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள், திருப்பலி நேரங்களுக்கு மேலே, குழந்தைகள் உதவி எண்ணாகிய 1098 என்பதை எழுதி வைத்திருக்கிறோம். இது கோயிற் பலகைக்கு ஏற்றதா என்று கேட்டவரும் உண்டு. எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னோம்.

மாணவியின் குறிப்பேட்டுக்கு வருவோம். மறுவாரம் அவள் மூன்று சொற்களுக்கும் மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தாள். 'சேவ்' என்பதற்குக் கிணறும், 'கார்டு' என்பதற்கு அரிசி ஆலை வாயிற்காவலரும் வந்திருந்தனர். 'புரொடெக்ட்' என்பதற்குத் தன் பாட்டியை எழுதியிருந்தாள்: மழை பெய்யும்போது பாட்டி தன் முந்தானையை அவள் தலைக்கு மேலே பிடிப்பாளாம். ஆசிரியை சரியென்று குறியிட்டிருந்தார்.

முழுக்கைச் சட்டைச் சிறுவனைச் சென்ற ஆண்டு கண்டோம். நாற்பதை நெருங்கும் ஆள், லாரி ஓட்டுகிறார். மழை மலை மாதாவைக் காணக் குடும்பத்துடன் வந்தவர், நம் பெயர் கேட்டுத் தேடிவந்தார். தம் மகளின் புதுநன்மைக்குத் தம்முடைய பழைய பங்கிலிருந்து ஞானஸ்நானக் கடிதமொன்று வேண்டும். நாம் எழுதிக் கேட்டால் விரைவில் கிடைக்கும் என்றார். மகள் வெளியே மாமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நாம் அந்தப் பங்குனியைப் பற்றிப் பேச்செடுத்து, அன்று செய்யாததற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் அடிச்சது மறந்துபோச்சு சாமி. எங்கப்பாகிட்ட யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, நான் அந்த ஸ்கூல்லயே படிச்சிருப்பேன்."

பிறகு மகளின் பிறந்த தேதியைச் சொன்னார். கடிதத்தை அப்போதே எழுதிக் கொடுத்தோம்.